சகலை வீட்டு நாற்பத்தாறு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். நீயும், உன் கடையில் நீ கழற்றிப் போட்டிருக்கும் கம்ப்யூட்டர்களும் சௌக்கியம்தானே? விசாரிப்பு முடிந்தது. இனி வழக்கு.

எனக்கும் சகலைக்கும் ஒரே நாளில் நீதான் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தாய். "தனியா கிராபிக்ஸ் கார்டு எதுக்கு அத்தான்? மதர்போர்டோட வர்றதே போதும். ரெண்டு போர்டும் வேற வேற கம்பெனி, ஆனா வேகத்துல ஒரு வித்தியாசமும் கிடையாது" என்று அடித்துச் சொன்னாய். முப்பது வருடம் எடை அளவை ஆய்வாளராக இருந்து எந்தக் கடைத் தராசையும் நம்பாத நான், பெண்டாட்டியின் தம்பியாயிற்றே என்று உன்னை நம்பினேன். ஆனாலும் பழகிய கை சும்மா இருக்குமா? வந்த வாரமே பெட்டியைத் திறந்து முறைப்படி ஆய்வு செய்து மூடினேன். அதற்குப் பிறகு தூசி துடைக்கக்கூட உன் அக்காவை அருகில் விடவில்லை.

பள்ளி விட்டதும் நேராக நம் வீட்டுக்கு ஓடி வந்து என் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடிக்கொண்டிருந்த பேத்தி, மூன்று வாரமாக இந்தப் பக்கமே வருவதில்லை. இரண்டு தெரு தள்ளி சகலை வீட்டிலேயே குடியிருக்கிறாள். காரணம் கேட்டால், "இங்க கார் திக்கித் திக்கிப் போகுது தாத்தா" என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுத வெட்கமில்லை, எரிந்தது. உடனே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சகலையின் சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே காரை அதே பாதையில் ஓட்டி, ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்று நோட்டில் குறித்தேன். அவருக்கு நாற்பத்தாறு. எனக்கு இருபத்து நான்கு. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதேதான். தராசாக இருந்தால் உன் கடைக்குச் சீல் வைத்திருப்பேன்.

சகலையாவது கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். அந்த மனிதர் என் தோளைத் தட்டி, "இதுக்கா அண்ணே இவ்வளவு வருத்தம்? என்னோடத நீங்க எடுத்துக்குங்க, உங்களோடது இங்க இருக்கட்டும்" என்று தன் பெட்டியை அவரே சுமந்து வந்து என் அறையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. போகட்டும், நாற்பத்தாறு இப்போது என் வீட்டில். பேத்தியைக் கூப்பிட்டேன். வந்தாள், பத்து நிமிடம் ஆடினாள், "சூப்பர் தாத்தா" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டு சகலை வீட்டுக்கே போய்விட்டாள்! என் பழைய இருபத்து நான்கிடம்! அப்படியானால் எனக்குத் தெரியாமல் அவருக்கு வேறென்ன பூட்டிக் கொடுத்திருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரோடு நேரில் வந்து பதில் சொல். வராவிட்டால் இனி நமக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

மற்றபடி உனக்கும் உன் மனைவிக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்ட அத்தான்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது, என் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் கம்ப்யூட்டருக்குள் செருகும் ராம் என்ற மெமரிப் பட்டை ஒன்று இருப்பதை உன் அக்கா கண்டெடுத்தாள். முதல் வாரம் ஆய்வு செய்தபோது உள்ளே ஒரே மாதிரி இரண்டு இருந்தன. ஒரே மாதிரி இரண்டு எடைக்கல் இருந்தால் ஒன்று கள்ளக்கல் என்பது என் உத்தியோக அனுபவம். அதனால் ஒன்றைப் பறிமுதல் செய்து வைத்திருந்தேன், மறந்துவிட்டேன். இரண்டும் இருந்தால்தான் போர்டின் கிராபிக்ஸ் முழு வேகத்தில் ஓடும் என்று நீ சொன்னதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. உன் மேல் தப்பில்லை. பேத்தியையும் விசாரித்துவிட்டேன். "இப்ப அங்க கார் மெதுவாப் போகுதுல்ல, அதான் சின்னத் தாத்தாவால என்கூட ஓட்ட முடியுது. நீங்க நோட்டு வச்சுக்கிட்டு நம்பர்தானே பாக்கறீங்க?" என்றாள். ஆகவே நீ வர வேண்டாம். என் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு ராமை நானே கழற்றிவிட்டேன். கண்ணாடிக் கூட்டில் இருந்ததை இன்று மாலையே சகலை வீட்டுக்குப் போய் என் கையாலேயே மாட்டிவிடப் போகிறேன். இனி அவருக்கு நாற்பத்தாறு, எனக்கு இருபத்து நான்கு. என்னைப் பொறாமைக்காரன் என்று இனி எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன்.