தேவியின் காலடியில் ஒரு பிராசசர்

நேற்று இரவு கட்டிலுக்கு அடியில் இருந்த நீலநிற அட்டைப்பெட்டி, காலையில் சரஸ்வதி தேவியின் காலடியில் இருந்தது. அதன் மேல் மூன்று சாமந்திப் பூக்கள்.

"அம்மா! இதை யாரு இங்க வெச்சது?" என்று அலறினாள் பியாலி.

"நான்தான். புஸ்தகம், பேனா, ஹார்மோனியம் எல்லாம் வெச்சேன். புதுசா வாங்கினதை மட்டும் விட்டா தேவி கோவிச்சுக்க மாட்டாளா?" பூரி மாதிரி பொரிக்கும் லூச்சிக்கு மாவு பிசைந்தபடியே அம்மா பதில் சொன்னாள்.

"எனக்கு அது இப்பவே வேணும்."

"படிப்பு சம்பந்தப்பட்ட எதையும் இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில எடுத்துக்கோ."

"அது புஸ்தகம் இல்லம்மா."

"கணக்கியல் படிக்கத்தான் கம்ப்யூட்டர்னு நீதானே சொன்னே?"

பியாலி தலையை ஆட்டினாள். 'இல்லை, துப்பாக்கி விளையாட்டுக்கு' என்று உண்மையைச் சொன்னால் பெட்டி உடனே பீடத்தை விட்டு வெளியே வரும். கூடவே கம்ப்யூட்டரும் வீட்டை விட்டு வெளியே போகும்.

பதினோரு மாதம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, சாந்தினி மார்க்கெட்டில் ஒவ்வொன்றாக வாங்கிய சாமான்கள். அந்த நீலப் பெட்டிக்குள் இருக்கும், கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசரைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு மாதம் ஆயிற்று. கடைசியில் யோசனை சொன்னது ஆன்லைன் விளையாட்டுக் கோஷ்டியில் இருந்த 'வெள்ளை அன்னம்'. முகம் தெரியாது, ஊர் இதே கொல்கத்தா என்பது மட்டும் தெரியும். பியாலிக்கு அங்கே பெயர் 'மீன்முள்'. அந்தப் பெயர் வீட்டில் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது.

"கம்மி விலையில இதை அடிச்சுக்க ஆளில்ல. புதன்கிழமை பத்தரைக்குள்ள வாங்கிடு" என்று அன்னம் எழுதியிருந்தான். பத்தரைக்கு மேல் விலை ஏறும்போல என்று அவளும் மூச்சிரைக்க ஓடி வாங்கினாள். அதே மாடலில் இரண்டு வகை இருந்தது. விலை குறைவானதை எடுத்தாள்.

எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அமுக்கியபோது விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த வகையில் படம் காட்டும் பகுதியே கிடையாதாம். தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட வேண்டும். அதற்கு இன்னும் பதினோரு மாதம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும்.

"மூணு நாளைக்குள்ள பெட்டியோட கொண்டா, மாத்தித் தர்றேன்" என்றார் கடைக்காரர். பிராசசரைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். மூன்றாவது நாள் இன்று. பூஜை என்பதால் கடையை இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்.

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, அதே அளவில் இருந்த ஒரு டம்ளர் பெட்டியை எடுத்துக்கொண்டு பியாலி பீடத்தருகே பதுங்கினாள். இதை வைத்துவிட்டு அதை எடுத்துவிடலாம். கையை நீட்டினாள்.

"அடடா! நீயே இன்னொண்ணு கொண்டுவந்து வைக்கறியா?" ஈரத் தலையோடு அம்மா பின்னால் நின்றாள். துண்டை மறந்துவிட்டுப் போனவள். "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு. எங்க, மீதியையும் கொண்டா."

பத்து நிமிஷத்தில் மதர்போர்டு, திரை, கீபோர்டு எல்லாம் தேவியின் முன்னால் வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. ஒரு பெட்டியை மீட்கப் போனவள் மொத்தக் கம்ப்யூட்டரையும் காணிக்கை ஆக்கிவிட்டாள்.

பியாலி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அன்னத்துக்குச் செய்தி அனுப்பினாள். 'நீ சொன்ன பிராசசர்ல படமே வரல! ரெண்டு மணிக்குள்ள மாத்தணும். அம்மா அதைத் தேவி காலடியில வெச்சுட்டா. என்ன பண்றது?'

பதில் இல்லை. காலை நேரத்தில் அவன் எப்போதும் இப்படித்தான். கல்யாண மாதங்களில் ராத்திரியிலும் காணாமல் போவான். ஏதோ சமையல் காண்ட்ராக்ட்காரன் என்று அவள் நினைத்திருந்தாள்.

"மணி பத்தாச்சு, புரோகிதரைக் காணோம்! தெருமுனைக்குப் போய் யாரையாவது பிடிச்சுட்டு வா!" என்று அம்மா விரட்டினாள்.

தெருமுனையில் ஏற்கெனவே நாலு வீட்டுக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். சைக்கிளில் ஒரு இளம் புரோகிதர் வந்தார். தோளில் ஜோல்னாப் பை, நெற்றியில் வியர்வை. எதிர்வீட்டு தாஸ் பாபு ஹேண்டில்பாரைப் பிடித்தார். பியாலி கேரியரைப் பிடித்தாள்.

"விடும்மா, நான் விடியக்காலையிலிருந்து நிக்கறேன்!"

"எங்க வீட்டுக்கு அரை மணி போதும் சாமி! சூடா லூச்சி இருக்கு!"

புரோகிதர் லூச்சிப் பக்கம் சாய்ந்தார்.

பூஜை தொடங்கியது. மந்திரத்தைக் கைபேசியில் பார்த்துத்தான் படித்தார். எல்லோரும் பூ போட்டு அஞ்சலி செய்து முடித்ததும் அம்மா கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, இந்தப் பெட்டியெல்லாம் என் பொண்ணு படிப்புக்கு வாங்கினது. நல்லாக் கங்கைத் தண்ணி தெளிச்சு விடுங்க."

பியாலி சட்டென்று பின்னால் நகர்ந்தாள். மஞ்சள் புடவைத் தலைப்புக்குள் கைபேசியை மறைத்துக்கொண்டு, 'அன்னம், பெட்டி மேல கங்கைத் தண்ணி ஊத்தப் போறாங்க, காப்பாத்து!' என்று தட்டினாள்.

"தேவிக்குப் படைக்காமத் தின்னக் கூடாதுன்னு அவ இந்த வருஷம் இன்னும் இலந்தைப்பழம்கூட வாயில வைக்கல சாமி, அவ்வளவு பக்தி" என்று அம்மா சொல்லிக்கொண்டே செம்பை நீட்டினாள்.

செம்பை வாங்கிய புரோகிதர் கைபேசியைப் பார்த்தபடியே மந்திரத்தைப் பாதியில் நிறுத்தினார். இருமினார். நீலப் பெட்டியைப் பார்த்தார். குனிந்து அதன் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தார். அவர் நெற்றியில் மறுபடியும் வியர்த்தது.

"அம்மா, இதை யாரு இங்க வெச்சது?"

"நான்தான்... ஏன் சாமி?"

"எல்லாம் சரி. இந்த ஒண்ணு மட்டும் சரியில்ல."

"ஐயையோ! தோஷமா?"

"குறை. பெரிய குறை." புரோகிதர் கண்ணை மூடிக்கொண்டார். "இதை வெச்சுக்கிட்டா பொண்ணு கண்ணுக்கு எதுவுமே தெரியாது. உடனே வாங்கின இடத்துல கொடுத்துட்டு வேற வாங்கணும். ரெண்டு மணிக்குள்ள."

"இன்னிக்குத் தொடக் கூடாதே சாமி!"

"நான் எடுத்துக் கொடுத்தா தோஷமில்ல." இரண்டு கையாலும் பெட்டியை எடுத்து, பூக்களை உதறி, பியாலியிடம் நீட்டினார்.

அம்மா அரண்டு போனாள். "ஓடு பியா, ஓடு! அஞ்சலி போட்டாச்சு இல்ல, நாலு இலந்தைப்பழத்தை வாயில போட்டுட்டு ஓடு! கண்ணு முக்கியம்!"

பியாலி பழங்களை வாயில் போட்டுக்கொண்டாள். தேவிக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, புரோகிதர் வாயில் ஒரு லூச்சியோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றி சாமி" என்றாள் தரையைப் பார்த்தபடி.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மா கொடுத்த தட்சிணைக் கவரைப் பையிலிருந்து எடுத்து நீலப் பெட்டியின் மேல் வைத்தார்.

"விலை வித்தியாசத்துக்கு இதை வெச்சுக்கோ, மீன்முள். வாங்க நல்ல நேரம் பார்த்துச் சொன்னவன், ரெண்டு வகை இருக்குன்னு சொல்லாம விட்டது என் தப்புதான்."