மூச்சு மீட்டர் பொய் சொல்லாது

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நலம், அங்கும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாவது பாதியை மட்டும் கேட்கிறேன். நீங்களும் என் மகளும் நலமா?

உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த மூச்சுக் கருவியைக் கொடுத்தபோது, "அறுபது தாண்டின, நோய்நொடி இல்லாத ஆள் ஒருத்தர் வேணும், உங்களை விட்டா யாரு மாமா" என்றீர்கள். குழாயில் பத்து நொடி ஊதினால் உள்ளே ஒளிக்கற்றை ஓடும், மூச்சிலுள்ள அசிட்டோன் அதில் கொஞ்சத்தை விழுங்கும், எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்து எண் வரும், ஒன்றுக்குள் இருந்தால் கவலையில்லை, ஏறினால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று விளக்கினீர்கள். அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

முதல் நாளே கருவி என்னை மதிக்கவில்லை. ஆறாவது நொடியில் இருமல் வந்தது. 'மீண்டும் ஊதவும்' என்றது. மூன்று தடவை ஊதி மூன்று தடவையும் இருமி, எக்கேடு கெட்டாவது போ என்று மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் சிவப்பு விளக்கு, நான்கு என்று எண். கருவி நிதானமாக யோசித்துத்தான் சொல்லும் போலிருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டு நாளும் இதே கதை. ஊதுவேன், இருமுவேன், முகம் கழுவுவேன், வந்து பார்ப்பேன். நான்கு ஐந்தாகி, ஏழாகி, இன்று காலை ஒன்பது. முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவன் நான். இவ்வளவு வராதே என்று வாசலில் சண்டைக்கு நின்ற எத்தனையோ பேரிடம், மீட்டர் பொய் சொல்லாது என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு வந்தவுடன் அதை மாற்றிப் பேச வாய் வரவில்லை.

ஆகவே போகிற ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டேன். காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். ஒன்பது வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாத கீழ்வீட்டுக்காரரிடம் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்து, "எதுக்கு சார்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்றார். அத்தனை வருடக் கோபத்தையும் நான் ஒருவனே சுமந்திருக்கிறேன். இனி எனக்கு எதற்கென்று மழைக்கோட்டை அவருக்கே கொடுத்தேன். மறுநாள் மழையில் தொப்பலாக நனைந்தேன், இருமல் கூடிவிட்டது.

உங்கள் மாமியாரோ, சாகப்போகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதில்லை. எந்நேரமும் தண்ணீர்ப் பாட்டிலும் கையுமாக இருக்கிறாள். எனக்கென்று நிரப்பி வைத்ததையும் அவளே காலி செய்கிறாள். நான் உயில் பேச்சை எடுத்தால் எழுந்து பாத்ரூமுக்குப் போகிறாள். இளைத்தும்விட்டாள், மோதிரம் விரலில் நிற்கவில்லை. கேட்டால், "எனக்கென்ன, அசதியா இருக்கு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். நான் போன பிறகு இவள் தனியாக என்ன செய்வாள் என்பதுதான் என் ஒரே பயம். ஒரு பல்பு மாத்தக்கூட அவளுக்குத் தெரியாது மாப்பிள்ளை. என்னை ரத்தப் பரிசோதனைக்கு வாங்கன்னு கூப்பிடாதீங்க, மீட்டரே சொன்னப்புறம் அது எதுக்கு. அவளை மட்டும் உங்க வீட்டுல வெச்சுக்கோங்க.

நீங்களும் மகளும் குறைவில்லாத மூச்சோடு நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் சில நாட்களுக்கு உங்கள்
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அழுதாள். என்னைப் பிரியப்போகிற துக்கம் என்று எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. "எட்டு நாளும் ஊதினது நான்தாங்க. உங்களால பத்து நொடி ஊத முடியலைன்னு மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாமேன்னு, நீங்க முகம் கழுவப் போனதும் நானே ஊதி வெச்சேன்" என்றாள். மீட்டர் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்து இந்த வீட்டு அட்டையில் எழுதிவிட்டேன். வேலையில் இருந்தவரை ஒரு நாளும் செய்யாத தப்பு. ஆய்வுக்கூடத்துக்குள் உங்களுக்குப் போன் கிடையாது என்பதால் கீழ்வீட்டுக்காரர் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இதை எடுத்து வருகிறார். நாங்கள் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டோம், நேரே அங்கே வாருங்கள். பல்பைப் பற்றி எழுதியதும் பொய். இந்த வீட்டில் பல்பு மாற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.