பாக்டீரியாவுக்குப் பளிங்குத் தரை

தேய்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. சமையலறையில் இருப்பார், அலுவலகத்தில் இருப்பார். ஆனால் நன்றாக முற்றிப்போன ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் வர வேண்டும். இங்கே அவரை எல்லோரும் 'பளபளா' என்று கூப்பிடுகிறார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

வேலை என்ன? சாக்கடைச் சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியா, தின்றதும் எலக்ட்ரான்களை வெளியே தள்ளும். ஜாடிக்குள் ஒரு கரித்தகட்டைத் தொங்கவிட்டால், அதில் ஒட்டிக்கொண்டு அதற்கே கொடுத்துவிடும். மீட்டரில் மின்சாரம் தெரியும். பதிலுக்கு அது கேட்பதெல்லாம் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு. நம்மவரோ தகட்டை முரட்டு உப்புத்தாளில் தேய்ப்பார், நைஸ் உப்புத்தாளில் தேய்ப்பார், வெல்வெட் துணியில் தேய்ப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், அதில் தன் மீசை கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதே என்று மனம் நொந்து மறுபடியும் முதலிலிருந்து தேய்ப்பார். மீட்டரில்? பூஜ்யம்!

"ஏம்ப்பா, இப்படி வழவழன்னு வெச்சா அதுங்க எங்க கால் வைக்கும்?" என்பார் அக்கா. அதே மேசை, அதே திட்டம், இவரைவிட மூன்று வயது மூத்தவர்.

"அதுங்களுக்குக் கால் கிடையாதுக்கா."

"உனக்கு மூளை கிடையாதுடா."

இயக்குநர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மின்சாரம் இருந்தால் திட்டம் நீளும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்கா பார்த்தார். பளபளா சாப்பிடப் போன நேரத்தில், அறுத்தது அறுத்தபடி கிடந்த தகடு ஒன்றை ஜாடிக்குள் இறக்கிவிட்டார். ஒரு வாரத்தில் மீட்டர் ஏறியது பாருங்கள், அப்படி ஓர் ஏற்றம்! பளபளா துள்ளினார், கைதட்டினார், போகிற வருகிறவர்களையெல்லாம் இழுத்துவந்து காட்டினார். அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இயக்குநர் வந்தார். அவரை அழைத்துவர அக்கா வாசலுக்குப் போக, பளபளா ஜாடியோடு தனியாக நின்றார். அப்போதுதான் தகட்டை உற்றுப் பார்த்தார். சிவப்பாக, கொழகொழவென்று, ஏடு மாதிரி என்னவோ படிந்திருந்தது. சே, பெரிய மனிதர் வரும்போது இப்படியா? கை துறுதுறுத்தது. எடுத்தார், வழித்தார், குழாயில் காட்டினார், போகிற போக்கில் வெல்வெட்டாலும் ஓர் இழுப்பு இழுத்தார், மறுபடியும் ஜாடிக்குள் தொங்கவிட்டார்.

"என்னம்மா, மீட்டர் செத்துக் கிடக்கு?" என்றார் இயக்குநர்.

அக்கா ஜாடியைப் பார்த்தார். தகடு ஜொலித்தது.

"அடப்பாவி! அதுங்க எல்லாம் எங்கடா?"

"எதுங்க? வெறும் அழுக்குதானேக்கா இருந்துச்சு!"

அந்த அழுக்குதான் பாக்டீரியா. குஞ்சும் குளுவானுமாய் மொத்தக் குடித்தனமும் கைகழுவும் தொட்டி வழியாகப் போயே போய்விட்டது. திட்டமும் பின்னாலேயே போனது. அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கும்போது அக்கா அழுதுகொண்டே சிரித்தார், வேறென்னதான் செய்வார்?

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகள் மூச்சிரைக்க ஓடிவந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தாளே, அப்போது "இரு, இரு" என்று அவள் மூக்கைத் துடைத்துவிட்டது யார்? துடைத்து முடித்ததும் அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாளே, கவனித்தீர்களா?