படகு பேட்டரிக்குக் காற்றோட்டம்

பேட்டரி நிரம்பியதும் தானே நின்றுவிடும் சார்ஜரை வாங்கிய ஒருவர், அது நிற்கிறதா என்று பார்க்க ஏன் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும்? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

மைசூர் ஹெப்பாளில் எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர் அவர். ஃபாக்டரியில் ஓய்வு பெற்றவர். தெருவுக்கே சார்ஜர் அங்கிள். ஒரு பேட்டரியை இவ்வளவு செல்லமாக வளர்த்த மனிதர் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் நண்பரின் தோட்டத்துக் குளத்தில் அவருக்கு ஒரு சின்ன மோட்டார் படகு உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் பேட்டரியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் உட்காரவைத்து, துண்டு போர்த்தி, மீன் பிடிக்கப் போவார். பின்னால் ஆள் ஏறினால் பேட்டரி குலுங்குமாம். அதனால் அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, குளத்துக்கு பஸ்ஸில் போவார்.

முதல் பேட்டரி வயிறு உப்பிச் செத்தது. லாரிக்குப் போடும் பெரிய சார்ஜரை இரவல் வாங்கி மாட்டியதன் பலன். அடுத்த பேட்டரிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"நீ படிச்ச பொண்ணும்மா. எந்த சார்ஜர்னு போன்ல பாத்துச் சொல்லு."

திரும்பத் திரும்பப் படித்தேன். நூறு ஆம்பியர்-அவர் பேட்டரிக்குப் பத்து ஆம்பியர் சார்ஜர் போதும். தண்ணீர் ஊற்றும் வகையா, மூடிய வகையா என்று பார்த்து, சார்ஜரின் பொத்தானை அதற்கேற்ப வைக்க வேண்டும். கிளிப் மாட்டிய பிறகே சுவிட்ச் போட வேண்டும். எல்லாம் சொன்னேன்.

"பச்சை லைட் வந்தா ஃபுல் அங்கிள். நீங்க உள்ள போங்க."

"லைட்டு எரியறது அதோட வேலை. பாத்துக்கறது என் வேலை."

ஒரு சனிக்கிழமை ஆன்ட்டியின் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குக்கூட அவர் போகவில்லை. "வீட்ல பேட்டரிக்கு உடம்பு சரியில்ல" என்று ஆன்ட்டி சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய வாயு வரும், காற்றோட்டம் வேண்டும் என்றும் படித்திருந்தேன். அங்கிளின் பேட்டரி அந்த வகைதான். அது இருந்ததோ மாடிப்படிக்குக் கீழே, கதவு போட்ட சின்ன அறையில். அதற்கு நேர் மேலே என் இரண்டு வயது மகன் தூங்குகிறான். சொன்னால் வருத்தப்படுவாரோ? சொல்லாவிட்டால் நான் என்ன அம்மா? சில நாள் தவித்துவிட்டுச் சொன்னேன்.

அன்றே பேட்டரி முன்பக்க ஹாலுக்குப் போனது. டிவி படுக்கையறைக்குள் ஒடுங்கியது. சார்ஜ் ஏறும் நாளெல்லாம் ஜன்னல்கள் அகலத் திறந்தன. கொசு குடிவந்தது.

"நோடும்மா, இதைப் பாரு, பேட்டரிக்குக் காத்து வேணுமாம்!" என்றார் ஆன்ட்டி. "நான் மூச்சு விடறேனான்னு ஒரு நாள் பாத்திருப்பாரா?"

"நீ நல்லாத்தான் விடற. தெருவுக்கே கேக்குது."

இப்போது குளிர். அங்கிள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு அந்தக் காற்றிலேயே உட்கார்ந்து இருமுகிறார். பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள், கதவைத் திறந்து வைத்தால் போதுமே என்றேன்.

"மேல நம்ம குட்டி படுக்குதும்மா. எனக்கு இருமல் பழக்கம்தான்."

படகு வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது சொல்லுங்கள். அந்த அறைக்குக் கம்பிக் கதவு போட்டு, மேலே காற்று வெளியேற வழி வைத்தால் போதுமா? மூடிய வகை பேட்டரிக்கே மாறச் சொல்லலாமா? நான் சொன்னால், தன் இருமலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கேட்க மாட்டார். நீங்கள் எழுதினால் படித்துக் காட்டுவேன். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அவர் இருமுவது மாடிவரை கேட்கிறது.