சேவல் படையும் நரிப் படையும்

"என் கேக் பாத்திரத்துல என்ன கஞ்சி காய்ச்சி வச்சிருக்க?" என்று கேட்டாள் நார்மனின் மனைவி டோரீன்.

நார்மன் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். கஞ்சி போலத் தெரிந்தது நேற்று வரை ஒரு குதிரைப்படையாக இருந்தது. விரல் நீளப் பொம்மை வீரர்கள், வாளும் கேடயமுமாய்.

"பழைய பெயின்ட்டை எடுக்கணும்னு நகப்பூச்சு அழிக்கிற திரவத்துல ஊறப்போட்டேன். ஈயப் பொம்மையை அது ஒண்ணும் செய்யாது."

"அப்ப இது?"

"பாதி பிளாஸ்டிக். மறந்தே போச்சு."

"திரவம் யாரோடது?"

"உன்னோடதுதான்," என்றார் நார்மன், பாத்திரத்தைப் பார்த்தபடியே.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் பொம்மையோடு விளையாடுகிறாரே என்று பீஸ்டனில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் அப்படி. ஆனால் நார்மனுக்கு இது விளையாட்டு இல்லை. மானப் பிரச்சினை.

சின்ன வயதில் நார்மனின் சிநேகிதன் ரோலண்ட். அவன் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே ஒரு மாடியறை. ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளியே மழை. உள்ளே டயர் வாசனை, பெயின்ட் வாசனை, இஞ்சி பிஸ்கட். நார்மனும் ரோலண்டும் மேஜையில் குப்புறக் கவிழ்ந்து திட்டம் போடுவார்கள். நார்மனின் வீரர்கள் குதிரையில் வர மாட்டார்கள், சேவல் மேல் சவாரி செய்து வருவார்கள். எதிரே ரோலண்டின் நரிகள், இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு. கடையில் விற்கும் பொம்மைகளை வெட்டி, ஒட்டி, தலை மாற்றி, உலகத்தில் யாரிடமும் இல்லாத இரண்டு படைகள். ராஜாவின் சேவலுக்குக் கொண்டை சிவப்பா ஊதாவா என்பதற்கே ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை. செய்வது மட்டும் எப்போதும் அடுத்த ஞாயிறு. அவ்வளவு சந்தோஷமாக நார்மன் அதற்குப் பிறகு எதையும் தள்ளிப்போட்டதில்லை.

பிறகு ரோலண்ட் எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு அபர்தீன் போனான். தலை நரைத்து, இந்த வசந்தத்தில்தான் ஊர் திரும்பினான். இறைச்சிக் கடை வரிசையில் நார்மனைப் பார்த்ததும் முதுகில் ஓர் அறை.

"டேய், உன் சேவல் படை என்னடா ஆச்சு? இன்னும் திட்டத்துலயே இருக்கா? நீ வாய்ச்சொல் வீரன்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"முடிச்சு வருஷக்கணக்காச்சு," என்றார் நார்மன். வரிசையில் அத்தனை பேர் திரும்பிப் பார்க்கும்போது வேறென்ன சொல்வது?

ரோலண்ட் தாடையைச் சொறிந்தான். "அப்படியா? என் நரிப் படையும் ரெடிதான். அக்டோபர் கூட்டத்துல மோதிடலாம்!"

வருடாவருடம் சர்ச் மண்டபத்தில் நடக்கும் அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். வண்ணம் பூசி முடிக்காத பொம்மைக்கு மேஜையில் இடம் கிடையாது.

அன்றிலிருந்து நார்மன் ஓடினார். குதிரைகளை வெட்டிச் சேவலாக்கலாம் என்றிருந்தார்; அவை கஞ்சியானதால் பொம்மைக் கடைக்குப் போய்ப் பண்ணைச் சேவல்களை அள்ளிக்கொண்டு வந்தார். தப்பித்த ஈய வீரர்களை ஏற்றி உட்கார வைத்தால் கால் விரியவில்லை. ஈயத்தை வளைத்தால் ஒடியும். சரி, சேவலின் விலாவையே கொஞ்சம் இளக்கி ஒடுக்கலாம் என்று டோரீனின் தலை உலர்த்தும் கருவியைப் பிடித்தார். விலா ஒடுங்கியது. கழுத்தும் கூடவே தொங்கிவிட்டது.

"பறவைக் காய்ச்சலா?" என்று கேட்டாள் டோரீன்.

"கேலி பண்ணாத. கழுத்துக்குள்ள கம்பி விட்டா நிமிர்ந்துடும்."

கம்பி விட்டார். கழுத்து நிமிர்ந்தது, ஒரு பக்கமாக. எல்லாச் சேவலும் யாரோ கூப்பிட்டது போல இடது பக்கம் திரும்பிப் பார்த்தன. அதை மறைக்கக் களிமண் பிசைந்து பிடரி இறகு வைத்தார். அது காய்வதற்குள் பூனை வந்து உட்கார்ந்து எழுந்து போனது. பூனையின் முடியோடு சேர்த்தே பெயின்ட் அடித்தார். ஆனால் சொல்ல வேண்டும், அந்தச் சிவப்பும் ஊதாவும் பொன்னிறமும் காய்ந்த சாயங்காலம் நார்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோணலோ மாணலோ, மாடியறைப் படை கண்முன்னே நின்றது.

பூச்சு உதிராமலிருக்க மேலே ஒரு வார்னிஷ் அடித்தால் முடிந்தது. கூட்டத்தன்று காலை தூறல். தூறல் நாளில் வார்னிஷ் தெளிக்கக் கூடாதென்று இந்தப் பொம்மைப் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே எல்லோரும் ஒரு முறையாவது தெளிப்பார்கள். நார்மன் கொட்டகை வாசலில் நின்று தெளித்தார். ஈரக்காற்றில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்து, மொத்தப் படையும் மாவில் விழுந்தது போல வெளுத்துப் போனது.

"எல்லாம் போச்சு, டோரீன். ஊரே சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும். உண்மையைச் சொல்லு. என்ன குடி முழுகிப் போகுது?"

"வாய்ச்சொல் வீரன்னு சொல்லுவான். அவன் சொன்னா தாங்காது எனக்கு."

பெட்டியை மூடினார். மூடும்போதுதான் அந்த யோசனை வந்தது. மண்டபத்து வாசல் படி மழையில் வழுக்கும். முடித்த படை வாசலில் விழுந்து நொறுங்கினால் அது யார் தப்பு?

மண்டபத்து வாசலில் நார்மன் காரை விட்டு இறங்கவும் ரோலண்டின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ரோலண்டும் பெரிய பெட்டியோடு இறங்கினான். நார்மன் படியை நோக்கி விரைந்தார். ரோலண்டும் விரைந்தான். முழங்கால் வலிக்கார மனிதர்கள் இரண்டு பேர் ஓட்டமும் நடையுமாய்ப் போனதை, உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த மண்டபப் பராமரிப்புக்காரி எட்னா கண் கொட்டாமல் பார்த்தாள்.

நார்மன் முந்தினார். முதல் படியில் காலை விட்டார். "ஐயோ!" பெட்டி பறந்தது. சேவல்கள் தண்ணீரிலும் சேற்றிலுமாய்ச் சிதறின. கழுத்து ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம். அடையாளம் தெரியாத அளவுக்கு, மனநிறைவான நாசம்.

"அடப்பாவி!" என்றான் ரோலண்ட், தன் பெட்டியை மார்போடு அணைத்தபடி.

"எல்லாம் போச்சுடா. இத்தனை வருஷ உழைப்பு!"

ரோலண்ட் மண்டியிட்டு ஒரு சேவல் தலையைக் கையில் எடுத்தான். கொண்டையின் அடியில் வெளுக்காமல் தப்பிய நிறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஊதாவாடா வச்சிருக்க? நான் சொன்ன மாதிரியே?" அதைக் கைக்குட்டையில் பொதிந்தான். "உன் படை இப்படிக் கிடக்கும்போது நான் என் நரியை எப்படிடா மேஜையில வைப்பேன்? மனசு வராது. பெட்டியைத் திறக்கவே மாட்டேன். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

ஆட்டம் நடக்கவில்லை. மண்டபத்து மூலையில் தேநீரும் இஞ்சி பிஸ்கட்டுமாய் இருவரும் உட்கார்ந்து, நரி ராஜாவுக்கு மீசை வேண்டுமா என்று பொழுது சாயும்வரை சண்டை போட்டார்கள். பழைய மாடியறையே திரும்ப வந்துவிட்டது போலிருந்தது. அதனாலேயே நார்மனுக்கு மனசு உறுத்தியது. எவ்வளவு பெரிய மனசு இவனுக்கு! இவனையா ஏமாற்றினோம்?

ரோலண்ட் காரை எடுத்துவரப் போனான். அவன் திரும்பியதும் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று நார்மன் வாசலில் நின்றார். எட்னா துடைப்பத்தோடு வந்தாள்.

"அடி ஒண்ணும் படலையே ஐயா?"

"இல்லம்மா. வழுக்கிடுச்சு."

"இந்தப் படியில அப்படி என்னதான் இருக்கோ! காலையில கதவைத் திறக்கறேன், உங்க சிநேகிதரும் இதே படியில விழுந்து விழுந்து எழுந்துட்டிருந்தாரு, கையில வெறும் பெட்டியை வச்சுக்கிட்டு."