எதை வச்சுச் சொல்றீங்க?

கீழ்த்தளக் கூடத்தின் கதவில் ‘பராமரிப்புப் பணி, உள்ளே வரக் கூடாது’ என்று ஓர் அட்டை தொங்கியது. டீச்சர் அதைப் படித்தாள். படித்துவிட்டுக் கதவைத் தள்ளியும் பார்த்தாள். பூட்டியிருந்தது.

“என்னண்ணே இது?”

“ஏசி ஒழுகுது டீச்சர்,” என்றார் வாசல் காவலர். “சிலை தலையிலயே சொட்டிக்கிட்டிருக்கு. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வச்சிருக்காங்க. இன்னைக்கு உங்க குழுவை மாடிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. புது ஹாலுக்கு.”

“புது ஹால்ல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதே.”

“சாமானெல்லாம் வந்தாச்சு. லேபிள் மட்டும்தான் இன்னும் பிரிண்டாகி வரல.”

டீச்சர் ஒரு வாரமாகக் கீழ்த்தளச் சிலைகளைப் பற்றிப் படித்துப் படித்து, பாத்திரம் கழுவும்போது கூடச் சொல்லிப் பார்த்து, கணவரிடம் “யாரோட பேசிக்கிட்டிருக்கே?” என்று பேச்சும் வாங்கியிருந்தாள். அத்தனையும் இப்போது பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் கிடந்தது.

அது ஆசியக் கலைப்பொருட்களுக்கான அருங்காட்சியகம். மற்ற நாட்களில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேஜையில் உட்காரும் அவள், சனிக்கிழமை பிற்பகல் மட்டும் இங்கே வந்து பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்வாள். அதனால் இங்கே எல்லோருக்கும் அவள் ‘சனிக்கிழமை டீச்சர்’. சம்பளம் பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். ஆனால் அவள் சம்பளத்துக்காக வரவில்லை. வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பெரிய பெண் “தெரியும்மா” என்பாள், சின்னவள் காதில் ஒயரை மாட்டிக்கொள்வாள், கணவர் “சுருக்கமாச் சொல்லு” என்பார். பல் மருத்துவமனையிலோ வருகிறவர்களால் வாயே திறக்க முடியாது, திறந்தாலும் அது அவளிடம் பேச அல்ல. இங்கேதான் முன்பின் தெரியாதவர்கள் ஒரு மணி நேரம் அவள் பின்னாலேயே நடந்து, அவள் சொல்வதைக் கடைசி வரை கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு உயிர்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வேலையைப் பார்க்கும் சார் நேற்று போனில் சொல்லியிருந்தார்.

“புது டைரக்டர் வந்தாச்சு. யாரும் இன்னும் முகத்தைப் பார்க்கல. கூட்டத்தோட கூட்டமா வந்து நின்னு கவனிக்கிறாராம். நம்மள மாதிரி பகுதி நேர ஆளுங்கள்ல ஒருத்தரைத் தூக்கப் போறாங்களாம்.”

“யாரை?”

“என்னை இல்லன்னு நினைக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆறுதல் சொல்வதில் அவர் கெட்டிக்காரர்.

படிக்கட்டின் அடியில் குழு காத்திருந்தது. ஒரு வயதான தம்பதி, இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு தாய், அவள் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த சின்னப் பெண். அவர்களிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு நீலச் சட்டைக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் டிக்கெட்டுக்குப் பதிலாக அலுவலகம் கொடுக்கும் பாஸ். எல்லோரும் கூரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் டீச்சரையே பார்த்தார். அவள் எங்கே நிற்கிறாள், கையை எங்கே வைக்கிறாள் என்று பார்த்தார்.

வந்துவிட்டார், என்று டீச்சர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

இந்த அருங்காட்சியகத்தில் ஒரு விதி உண்டு. டீச்சர்கள் பிரசங்கம் செய்யக் கூடாது. பார்வையாளர்களைக் கேட்க வேண்டும். ‘என்ன தெரியுது? எதை வச்சுச் சொல்றீங்க? வேற என்ன தெரியுது?’ இந்த மூன்று கேள்விகளிலேயே ஆட்களே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது மேலிடத்தின் நம்பிக்கை. டீச்சர் இந்த விதியைத் தன் வழியில் மதித்து வந்தாள். முதல் கேள்வியைக் கேட்பாள். யாராவது வாயைத் திறப்பதற்குள் மற்ற இரண்டு கேள்விகளுக்குமான பதிலையும் சேர்த்து அவளே சொல்லிவிடுவாள்.

இன்று சொல்ல ஒன்றும் இல்லை. விதியைக் கட்டிக்கொண்டு அழுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதையும் டைரக்டரை முன்னால் நிறுத்தி, மரியாதையாகச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மாடியில் முதல் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று காலுடன் ஒரு பெரிய வெண்கலப் பாத்திரம் இருந்தது.

“சார், நீங்க சொல்லுங்க,” என்றாள் நீலச் சட்டைக்காரரைப் பார்த்து. “இங்க என்ன தெரியுது?”

அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“பாத்திரம்,” என்றார்.

“அருமை. என்ன பாத்திரம்?”

அவர் எச்சில் விழுங்கினார். “குழந்தையைக் குளிப்பாட்டற பாத்திரம். அரண்மனைக் குழந்தையை.”

அது சமையல் பாத்திரமாக இருக்கும் என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது. ஆனால் டைரக்டருக்குத் தெரியாதா? வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி ஆழம் பார்க்கிறாரோ? மறுத்தால் ஒரு ஆபத்து, தலையாட்டினால் ஒரு ஆபத்து.

“நல்ல பார்வை,” என்றாள் நடுவாக. “எதை வச்சுச் சொல்றீங்க?”

“ரெண்டு கைப்பிடி இருக்கு. தண்ணி ஆறிப் போச்சுன்னா அப்படியே தூக்கி அடுப்புல வச்சுக்கலாம்.”

“பாப்பா வெந்துடுமே,” என்றாள் சின்னப் பெண்.

“பாப்பாவை எடுத்துட்டுத்தான் வைப்பாங்க,” என்று முதியவர் அவளைச் சமாதானப்படுத்தினார். கல்லூரிப் பெண்கள் பாத்திரத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கீழே ‘அரண்மனைக் குழந்தையின் குளியல் தொட்டி’ என்று எழுதி அப்போதே நாலு பேருக்கு அனுப்பிவிட்டாள்.

இது ஆகாது, யாரும் தப்பாகச் சொல்லவே முடியாத ஒன்றின் முன்னால் போய் நிற்போம் என்று டீச்சர் வேகமாக நடந்தாள். மூலையில் தங்கப் பூச்சுப் பூசிய மடக்குத் தட்டி ஒன்று நின்றது. அதில் வரிசையாகக் கொக்குகள். கொக்கைப் பார்த்துக் கொக்கு என்று சொல்ல டைரக்டராக இருக்க வேண்டியதில்லை.

“சார், இங்க?”

“மறுபடியும் நானா?” என்றார் அவர்.

“உங்களை விட்டா யாரு சார்?”

சட்டைக் காலரை அவர் விரலால் தளர்த்திக்கொண்டார். “கொக்கு.”

டீச்சருக்கு உயிர் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் விதி மூன்று கேள்வி. “வேற என்ன தெரியுது?” என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“ஒரு குடும்பம்,” என்றார் அவர் தட்டுத்தடுமாறி. “வீட்டுல இருக்கிறவங்களைத்தான் கொக்கா வரைஞ்சிருக்காங்க. முன்னால நிக்கிறது அப்பா.”

“அந்தத் திரும்பிக்கிட்டு நிக்கிறது?” என்று மூதாட்டி ஆர்வமாகக் கேட்டாள்.

“அது... மருமகனா இருக்கும்.”

“பார்த்தாலே தெரியுதே,” என்றாள் மூதாட்டி. கணவர் பேச்சை மாற்றுவதற்காகத் தொண்டையைச் செருமினார். இதற்குள் சின்னப் பெண்ணின் தாய் நாத்தனார் எந்தக் கொக்கு என்று கண்டுபிடித்திருந்தாள். கல்லூரிப் பெண்கள் அடுத்த படத்தையும் அனுப்பினார்கள். டீச்சர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவளுக்கு முதுகு வியர்த்தது. நீலச் சட்டைக்காரருக்கு முகமே வியர்த்தது. கோபத்தை அடக்குகிறார் போலிருக்கிறது என்று அவள் இன்னும் பயந்தாள். பயந்ததால் இன்னும் மரியாதை காட்டினாள். மரியாதை காட்ட, அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு கேள்வி கேட்பது.

மூன்றாவது பெட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

உள்ளே பச்சை மெருகு பூசிய மண்குடுவை. புலி மாதிரி நாலு கால், முதுகில் ஒரு கைப்பிடி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான வட்டவாய். இது அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று, பயிற்சியின்போது இதே மாதிரி ஒன்றின் படத்தைக் காட்டி விளக்கியிருந்தார்கள். வந்திருந்தவர்கள் டீ இடைவேளை முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மறக்கிற விஷயமில்லை.

அவள் சொல்லத் தொடங்குவதற்குள், கேள்வி எப்படியும் தன்னிடம்தான் வரும் என்று தெரிந்துகொண்ட நீலச் சட்டைக்காரர் தானாகவே முந்திக்கொண்டார்.

“முக்கியமான விருந்தாளிங்க வந்தா, இதுலதான் குடிக்க ஊத்திக் குடுப்பாங்க.”



“எதை வச்சுச் சொல்றீங்க?” என்று அவளுக்குப் பதிலாகச் சின்னப் பெண் கேட்டாள்.

“வாய் அகலமா இருக்குல்ல. பிடிச்சு ஊத்த மேல கைப்பிடி வேற.”

மூதாட்டி கண்ணாடிப் பெட்டியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள். “இதே மாதிரி கீழ கடையில விக்கிறாங்களே. வரும்போதே பார்த்தேன். ஏங்க, ஒண்ணு வாங்கிடலாமா? நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா வர்றாங்க.”

“வாங்கிடலாமே. எலுமிச்சை ஜூஸ் ஊத்திக் குடுத்தா அசந்துடுவாங்க.”

“கழுவறது கஷ்டம்மா,” என்றாள் டீச்சர் அவசரமாக.

“நீள பிரஷ் இருக்கும்மா வீட்டுல.”

“விலையும் ஜாஸ்தி.”

“சம்பந்திக்குச் செய்யறதுல கணக்குப் பார்க்க முடியுமா?” என்றார் முதியவர்.

அவர்கள் இருவரும் படிக்கட்டுப் பக்கம் நகரவே தொடங்கிவிட்டார்கள். டீச்சர் நீலச் சட்டைக்காரரைப் பார்த்தாள். தன் சனிக்கிழமைகளை நினைத்தாள். பிறகு, முகம் தெரியாத அந்தச் சம்பந்தியம்மா புலியின் வாயிலிருந்து ஜூஸை வாங்கி வாயில் வைக்கிற காட்சி கண்முன்னால் வந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்க. அதுல யாருக்கும் எதையும் ஊத்திக் குடுத்துடாதீங்க.”

“ஏம்மா?”

“ராத்திரியில எழுந்து வெளிய போக முடியாதவங்க படுக்கைக்குப் பக்கத்துல வச்சுக்கிற குடுவை அது.”

“குடிக்கத் தண்ணியா?”

“குடிச்ச தண்ணிக்கு.”

மூதாட்டி கண்ணாடியிலிருந்து எடுத்த மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். முதலில் சிரித்தவர் முதியவர்தான். அவர் சிரித்த சிரிப்பில் சம்பந்தி வீட்டார் மேல் இருந்த ஏதோ பழைய வருத்தமும் கொஞ்சம் தீர்ந்த மாதிரி இருந்தது.

டீச்சர் நிறுத்தவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் அளந்து பார்த்து என்ன ஆகிறது? “அந்த முதல் பாத்திரமும் குளிக்கிறதுக்கு இல்ல, சமைக்கிறதுக்குன்னுதான் நான் நினைக்கிறேன். கொக்கு வெறும் கொக்கு. சார் தப்பா நினைக்கக் கூடாது. நீங்க யாரா இருந்தாலும் தப்பைச் சரின்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல.”

நீலச் சட்டைக்காரரின் முகம் வெளிறிவிட்டது. “நான்... ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனார்.

முடிந்தது கதை, என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. போகிற வேலைக்கு விதி என்ன வேண்டியிருக்கிறது? மிச்ச நேரம் முழுக்க ஒரு கேள்வியும் கேட்காமல், தெரிந்ததைத் தெரிந்த மாதிரியும் தெரியாததைத் தெரியாது என்றும் அவளே பேசித் தீர்த்தாள். எல்லோரும் கடைசி வரை கேட்டார்கள். சின்னப் பெண் போகும்போது கையை ஆட்டிவிட்டுப் போனாள். டீச்சருக்கு அடுத்த சனிக்கிழமை இந்த நேரத்துக்கு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்போம் என்று நினைக்க அழுகையே வந்தது.

வாசலுக்கு வந்து, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் காவலரிடம் நீட்டினாள்.

“இதை ஆபீஸ்ல குடுத்துடுங்கண்ணே. டைரக்டர் கேட்டா, நானே குடுத்துட்டுப் போனேன்னு சொல்லுங்க.”

“டைரக்டரா? அவரு காலையில இருந்து ரூமை விட்டு வெளியவே வரலையே.”

“அப்ப அந்த நீலச் சட்டை?”

காவலர் அட்டையை வாங்காமல் அவள் கையிலேயே மடக்கி வைத்தார். “உங்களை நிறுத்திட்டு உங்க இடத்துக்கு எடுத்து வச்சிருந்த ஆளு டீச்சர் அது, வேலை எப்படின்னு ஓரமா நின்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்களாம், ‘சும்மா பார்க்க வந்தவனையே இந்தப் பாடு படுத்தற இடத்துல என்னால குப்பை கொட்ட முடியாது’ன்னு பாஸைக் கழட்டிக் குடுத்துட்டு ஓடியே போயிட்டாரு.”