ஏழு ஜாக்கெட்டும் ஒரு லினக்ஸ் போனும்

விழுப்புரம்,
10-5-2017, புதன்கிழமை.

மரியாதைக்குரிய ஜெனித் அண்ணாவுக்கு, சித்தி மகள் லூசியா எழுதுவது.

சேசுவும் மாதாவும் உங்கள் வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் விசாரிக்கிறேன். நீங்கள் நலமா? பெரியம்மாவின் முட்டிவலி குறைந்ததா? குயிலாப்பாளையத்தில் மழை உண்டா? இங்கே அப்பா நலம், அம்மா நலம், தையல் மெஷின் நலம். நான் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் மாற்றிக் கொடுத்த போனில் யார் பேசினாலும் லவுட் ஸ்பீக்கரில்தான் கேட்கிறது. காதில் வைத்தாலும் அப்படித்தான், சத்தத்தைக் குறைத்தாலும் அப்படித்தான், தலையணைக்குள் வைத்து அமுக்கினாலும் அப்படித்தான். எதிர் டீக்கடை கிருஷ்ணசாமி அண்ணன் கடையில் எந்த நேரமும் ஆறு பேராவது உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களைத் திட்டுவதை அவர்கள் கேட்க வேண்டாமே என்று கடிதமாக எழுதுகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆரோவில்லுக்கு வேலைக்குப் போகிற விருத்தாசலம் மாமா வந்தால் கொடுத்தனுப்புவேன்.

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன் அண்ணா. கோபம் வந்தால் எனக்கு ‘நீங்கள்’ என்று எழுதக் கை வருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ சாப்பிட வந்தாய். கறிச்சோறு சாப்பிட்டோமா, கை கழுவினோமா என்று போயிருக்கலாம். என் போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அப்பா இங்கே பழைய போன் கடையில் வாங்கிக் கொடுத்த போன் அது. அதைப் பார்த்ததும் உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “லூசி, இந்த மாடல்ல மட்டும்தான் அந்த சிஸ்டம் ஓடும்! உலகத்துலயே வெரல் விட்டு எண்ற மாடலு. நீ என்னாடான்னா இத வச்சிக்கினு வாட்ஸ்அப் பாத்துக்கினு கெடக்குற” என்றாய். பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாய். இது லினக்ஸ், இது யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம், உலகம் முழுவதும் ஆட்கள் சம்பளமே இல்லாமல் உட்கார்ந்து செய்கிறார்கள் என்று பாயசம் ஆறும்வரை பேசினாய். “இனிமே உன் போன்ல நீ என்னா பண்றன்னு எவனும் எட்டிப் பாக்க முடியாது” என்றாய். எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை அண்ணா. டீக்கடையில் உட்கார்ந்தாலே போதும்.

அப்புறம் நீ கேட்டாய்: “உள்ள இருக்கறதெல்லாம் பேக்கப் எடுத்து வச்சிக்கினியா?” சாப்பிட வந்திருந்த சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் போனைக் கிணற்றில் போடட்டுமா என்று கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்லச் சத்தம் வராமல், பாதி நாள் வந்தும் வராதவளாகவே பதிவேட்டில் இருந்தேன். ஒன்பதாவதோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவள் தலையாட்டினால் அதை எப்படி அண்ணா நம்பினாய்?

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. யாருக்கும் தெரியாது. என்னிடம் அளவு நோட்டு கிடையாது. தைக்கக் கொடுப்பவர்கள் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். அதை வைத்து அளவெடுத்து, போனில் அவர்கள் பெயருக்குப் பக்கத்திலேயே சேர்த்து எழுதிக்கொள்வேன். ‘வீரம்மாள் கெடார் மார்பு 40 இடுப்பு 35 கை 10 பின்கழுத்து 9 பானை’ என்று முழுவதும்தான் பெயர். தைத்ததும் அளவு ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அடுத்த முறை துணி மட்டும் வரும், கழுத்து மாடல் படமாக வாட்ஸ்அப்பில் வரும், சரி என்பதற்கு நான் ஒரு பூ அனுப்புவேன். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு வருடமாக அறுபத்திரண்டு பேருக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியான தொழில் அண்ணா அது.

நீ பொத்தானை அழுத்தினாய். போன் கறுப்பானது, ஏதோ ஓடியது, புதிதாக வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாட்ஸ்அப் இதில் வராது என்றாய். சிம்மில் இருந்த பெயர்கள் மட்டும் திரும்பி வந்தன. சிம்மில் தமிழ்ப் பெயர் மூன்று நான்கு எழுத்துக்கு மேல் நிற்காது போலிருக்கிறது. வீரம்மாள் ‘வீரம்ம’ என்று வந்தார். ஜாக்குலின் அக்கா ‘ஜாக்கு’ என்று வந்தார். அளவு ஒன்றுகூட வரவில்லை. அறுபத்திரண்டு பெண்களும் உருவமில்லாமல் வந்து நின்றார்கள். கடிகாரம் வேறு ஐந்தரை மணி நேரம் பின்னால் போய், அப்பா அதைப் பார்த்து வேலைக்குக் கிளம்பி, அவரை ஏற்றிப்போகிற லாரி போயே போய்விட்டது. கடிகாரத்தை அப்பாவே திருத்திவிட்டார். அளவை யார் திருத்துவது?

இதில் ஜாக்குலின் அக்கா கல்யாணம் வருகிற திங்கட்கிழமை, திண்டிவனத்தில். ஏழு ஜாக்கெட். அக்காவுக்குப் பூசைக்கு வெள்ளை ஒன்று, சாயங்காலத்துக்கு ரோஸ் ஒன்று, அவர் அம்மாவுக்கு ஒன்று, அத்தை அமலோற்பவமேரி டீச்சருக்கு ஒன்று, கெடாரில் அவர்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்கார வீரம்மாளுக்கு ஒன்று, தோழிகள் இருவருக்கும் ஒவ்வொன்று. மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்தில் பெரிய கடையில் கொடுக்கச் சொன்னார்களாம். “நம்ம லூசி தைக்கட்டும்” என்று அக்காதான் எனக்காக நின்றார். அம்மா இதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். இது ஒழுங்காக முடிந்தால் வீட்டிலேயே தைக்கலாம். முடியாவிட்டால் ஜூன் ஒன்றாம் தேதி முதல் ஜவுளிக்கடை வேலை. வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் “வாங்க மேடம், என்னா பாக்கறீங்க மேடம்” என்று இரவு ஒன்பது மணிவரை சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால், தனியாக இருக்கும்போதே, ‘வாங்க’வுக்கு மேல் வரவில்லை.

அதனால் திங்கட்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு போன் செய்ய உட்கார்ந்தேன். கோயில் காலண்டர் தாளின் பின்பக்கம் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதால் ஒரே மூச்சில் படிப்பது என்று முடிவு. முதலில் டீச்சர். பட்டியலில் ‘அமலோற்’ என்று இரண்டு பேர் இருந்தார்கள். மேலே இருந்ததை அழுத்தினேன். எடுத்த சத்தம் கேட்டதும் படித்துவிட்டேன்: “தோத்திரம், லூசியா பேசறேன், உங்க மார்பு அளவு இடுப்பு அளவு கை நீளம் மூணும் சொல்லுங்க, திங்கக்கெழமைக்குள்ள தச்சி முடிச்சிடணும்.”

பதிலாக ஓர் ஆண் குரல், தெருவுக்கே கேட்கும்படி, “அப்படியா பாப்பா! சாமியார் சொன்னாரா? எனக்குப் புது அங்கி தைக்கறதா என்னாண்ட சொல்லவே இல்லியே” என்றது. கோயில் உபதேசியார் அமலோற்பவநாதன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன் அண்ணா, சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர், “நாப்பத்திரண்டு போட்டுக்க. வயித்தாண்ட கொஞ்சம் தாராளமா வுடு. மாதா என்னை மறக்கலன்னு இன்னைக்குதான் தெரியுது” என்று சொல்லி வைத்துவிட்டார். டீக்கடையிலிருந்து கிருஷ்ணசாமி அண்ணன், “பாப்பா, உபதேசியாருக்கு எந்தக் கழுத்து? பானையா, வட்டமா?” என்று கேட்டார். ஆறு பேரும் சிரித்தார்கள். உபதேசியார் நேற்று வந்து, துணி எடுத்தாகிவிட்டதா என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போனார். அம்மாவும் பங்குச் சாமியாரிடமே கேட்கலாம் என்று கிளம்பியிருக்கிறாள். நான் சேலையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அடுத்து வீரம்மாள். அவர் கடலை வயலில் இருந்தார். “யாரு? தைக்கற பொண்ணா? சத்தமா பேசுடி! என்னாத்துக்கு மறுபடியும் அளவு கேக்கற, நானு என்னா ஓடியா பூட்டேன்? மல்லாட்டை புடுங்கிக்கினு கீறேன், டேப்புக்கு எங்க போறது? இரு, கயித்தால சுத்திப் பாக்கறேன்” என்றார். தெரு முழுவதும் அவர் கயிறு சுற்றி முடிக்கும்வரை காத்திருந்தது. “ரெண்டு மொழம். அதுக்கு மேல நாலு வெரக்கடை. எழுதிக்க” என்றார். யார் முழம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் டீக்கடையில் கேட்டார்கள். ஒரு முழம் பதினெட்டு அங்குலம் என்று ஆட்டோக்காரர் சொன்னார். பெண்களுக்குப் பதினாறுதான் வரும் என்று கிருஷ்ணசாமி அண்ணன் சொன்னார். இரண்டுக்கும் நாலு அங்குலம் வித்தியாசம் அண்ணா. அந்த நாலு அங்குலத்தை நான் எங்கே வைப்பேன்? சாயங்காலம்வரை இருவரும் கையை நீட்டி நீட்டி அளந்துகொண்டிருந்தார்கள். பால் பொங்கி வழிந்தது.

மூன்றாவதாக ஜாக்குலின் அக்கா. எடுத்ததும், “என்னாடி லூசி, பேசவே மாட்ட, நீயா போன் பண்ற? துணி கிணி எரிஞ்சிடுச்சா?” என்றார். பயத்தில் கட் செய்துவிட்டேன். இப்போது அக்கா வெள்ளைத் துணி எரிந்துவிட்டது என்றே நம்பி அழுகிறாராம். மாப்பிள்ளை வீட்டில், “அப்பவே சொன்னோம்ல, பெரிய கடையில குடுத்திருக்கணும்னு” என்கிறார்களாம். நான் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன்.

ஸ்பீக்கர் கோளாறைப் பற்றி அதைச் செய்கிறவர்களுக்கே எழுதியிருக்கிறேன், நம்பிக்கையாக இரு என்று நேற்று அப்பாவின் போனில் சொன்னாய். மத்தியானமே பதில் வந்துவிட்டது என்று சந்தோஷமாகக் கூப்பிட்டாய். இதே குறையை வேறொருவர் போன வருடமே எழுதியிருப்பதால் நம்முடைய புகாரை மூடிவிட்டார்களாம். “பாத்தியா, எவ்ளோ ஜல்தியா பதில் போட்றாங்க!” என்றாய். எனக்கு வந்த கஷ்டம் முன்பே ஒருவருக்கு வந்துவிட்டால் என் கஷ்டம் தீர்ந்துவிடுமா அண்ணா? அந்த ஒருவர் யார்? அவரும் ஜாக்கெட் தைக்கிறவரா? அவருக்கு எதிரில் டீக்கடை இருக்கிறதா?

உன் சுதந்திரம் எனக்கு வேண்டாம். எட்டிப் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். அறுபத்திரண்டு பேரின் அளவைப் பார்த்து அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்? இந்தக் கடிதம் கிடைத்ததும், சனிக்கிழமைக்குள் லேப்டாப்போடு வந்து பழைய சிஸ்டத்தையும் வாட்ஸ்அப்பையும் போட்டுக் கொடு. அழிந்த அளவுகளை எங்கிருந்தாவது தோண்டி எடுத்துக் கொடு. முடியாது என்றால், ஜூன் ஒன்றாம் தேதி ஜவுளிக்கடை வாசலில் எனக்குப் பதிலாக நீயே வந்து நில். உனக்குத்தான் நன்றாகப் பேச வருகிறது.

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் என் தோத்திரம். மாதா உனக்கு நல்ல புத்தியையும், அதைவிட முக்கியமாக சனிக்கிழமை லீவையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னால் வாயைத் திறக்க நேர்ந்த தங்கை,
லூசியா.

பின்குறிப்பு (17-5-2017, புதன்): விருத்தாசலம் மாமா ஒரு வாரமாக வரவில்லை. அதனால் கடிதம் இங்கேயே கிடந்தது. மேலே எழுதியது எதையும் செய்யாதே அண்ணா.

நீ சனிக்கிழமைக்குள் வரமாட்டாய் என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு திண்டிவனம் பஸ் ஏறினேன். எல்லோரும் கல்யாண வீட்டிலேயே இருந்தார்கள். எரியாத வெள்ளைத் துணியைப் பார்த்ததும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உள்ளறையில் ஒவ்வொருவராக நிற்க வைத்து அளந்தேன். ஆளை நேரில் அளந்தது அதுதான் முதல் முறை. “கையத் தூக்குங்க” என்று சொன்னேன். தூக்கினார்கள். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

அளந்தபோதுதான் தெரிந்தது. அமலோற்பவமேரி டீச்சருக்கு என் ஞாபகத்தில் அரைகுறையாக இருந்த பழைய அளவுக்கும் டேப்புக்கும் நாலு அங்குலம் வித்தியாசம். அவர் எனக்குக் கொடுத்தனுப்பிய அளவு ஜாக்கெட் மூத்த பையன் பிறப்பதற்கு முன்னால் தைத்ததாம். அக்காவின் அம்மாவுடையது அவருடைய நிச்சயதார்த்த ஜாக்கெட். தோழிகள் இருவரும் கொடுத்தது பள்ளிக்கூடத்து விழாவில் போட்டது. இரண்டு வருடமாக நான் யாருக்குமே தைக்கவில்லை அண்ணா. அவர்கள் முன்னொரு காலத்தில் இருந்த ஆட்களுக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். “அக்குள் புடிக்குது, மூச்சு முட்டுது” என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் டீச்சர் என்னைத் தேடிவந்து திட்டியதெல்லாம் அதனால்தான். ஏழையும் ஞாயிறு இரவுக்குள் தைத்து முடித்தேன். இந்தத் தடவை கல்யாணப் பந்தியில் டீச்சர் மூன்று கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் எதுவுமே சொல்லாமல் போனார். கொக்கி பூட்ட முடியாமல் ஊசி குத்திக்கொண்டு யாரும் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்து ரவிக்கை விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க வூட்டு ஆளுங்களையும் அளந்துட்டுப் போம்மா” என்றார். நேற்று ஒரே நாளில் ஒன்பது பேர் வந்தார்கள். அம்மா ஜவுளிக்கடைக்காரரிடம் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதனால் பழைய சிஸ்டம் வேண்டாம். வாட்ஸ்அப்பும் வேண்டாம். ஸ்பீக்கரையும் சரிசெய்து தொலைக்காதே. அது இப்படியே இருக்கிறவரை யாரும் என்னிடம் போனில் அளவு சொல்லத் துணிய மாட்டார்கள், நேரில்தான் வருவார்கள்.

விருத்தாசலம் மாமா இன்று காலைதான் வந்தார். அவரிடம் பெரியம்மாவுக்குத் தைக்கச் சொல்லித் துணியும் ஒரு அளவு ஜாக்கெட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறாய். துணியை வைத்துக்கொண்டேன். ஜாக்கெட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அது நீ சின்னப் பையனாக இருந்தபோது கோயிலில் உனக்குப் புதுநன்மை கொடுத்த அன்று பெரியம்மா போட்டிருந்தது, போட்டோவில் பார்த்திருக்கிறேன். பெரியம்மாவை பஸ் ஏற்றி விடு.